ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்

முதல் வருடம் நாங்கள் இறைச்சியாகப் படுத்தோம்.
திபிலிசி ரயில் நிலையத்துச் சந்தை வாசலில்,
மார்ச் மாதச் சேற்றில்,
ஆளுயர வெள்ளைத் தட்டுகள்.
உடம்பெல்லாம் பீட்ரூட் சாறு, மேலே கண்ணாடித்தாள்.
என் வயிற்றின் மேல் விலைச்சீட்டு:
கிலோ பதினெட்டு லரி.

க்வான்ட்ஸா ஒலிபெருக்கியில் கொலை, கொலை என்றாள்.
கூட்டம் ஒதுங்கி நடந்தது,
தரையில் சிந்திய எண்ணெயைச் சுற்றிப் போவதுபோல.
ஒரு சிறுவன் மட்டும் குனிந்து
சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"எலும்புதான்ப்பா அதிகம்" என்றான்.

சிரித்துவிட்டேன்.
சிரிக்கும் இறைச்சியை யார் நம்புவார்கள்?

இரண்டாம் வருடம் திரை பிடித்தோம்.
கறுப்பு உடை, முகமூடி, நெஞ்சுயரத்தில் மடிக்கணினி,
அதில் தலைகீழாய்த் தொங்கும் கன்றுகள்.
பார்ப்பவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்;
அதுதான் விதி.
இரண்டு மணி நேரம் யாரும் திறக்கவில்லை.

பன்றித்தலைகளை வரிசையாக அடுக்கி,
ஒவ்வொன்றின் காதையும் ஈரத்துணியால் துடைக்கும் ட்சோட்னே
எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"பேட்டரி தீரப்போகிறது. இங்கே சொருகிக்கொள்."
சொருகினேன்.
அவன் மின்சாரத்தில்
அவனுக்கு எதிரான படம் ஓடியது.

அப்போதுதான் லமாரா வந்தாள், அவன் மனைவி.
கன்றுகளை முழுதாகப் பார்த்தாள்.
கண்ணைத் திருப்பவில்லை.
பிறகு விதிப்படி வாய் திறந்தாள்:

"இதை எனக்கு ஏன் காட்டுகிறாய்?
நோன்பு தொடங்கியதிலிருந்து
முட்டையைக்கூட நான் தொடவில்லை.
கூட்டிப் பார்த்தால் வருடத்தில் பாதி நாள் தொடுவதில்லை.
நீ பிறப்பதற்கு முன்பிருந்தே."

கையிலிருந்த டப்பாவை நீட்டினாள்.
வால்நட் அரைத்துப் பிசைந்த கீரை உருண்டைகள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மாதுளை முத்து.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
நின்றபடியே நான்கைத் தின்றேன்.

எங்கள் முழக்கங்கள் எல்லாம்
எங்கிருந்தோ பெட்டியில் வந்து இறங்கியவை.
ஆனால் இந்த ஊர் ரொட்டிக்கடைக் கண்ணாடிகளில்
கோணல் எழுத்தில் ஒரு சொல் ஒட்டியிருக்கும்:
சமர்க்வோ. நோன்புக்கு ஆனது.
பால் இல்லை, முட்டை இல்லை, உயிர் இல்லை.
கடவுள் சம்பந்தப்பட்டது என்று
அந்தச் சொல்லைத் தினமும் கடந்து போயிருக்கிறேன்.

மூன்றாம் வருடம் ஒரு பானை.
சிவப்பு அவரை, கொத்தமல்லி, சோள ரொட்டி.
"இது சமையல், போராட்டம் இல்லை"
என்று ஒலிபெருக்கியோடு கிளம்பிப் போனாள் க்வான்ட்ஸா.
அவள் சொன்னதும் பொய் இல்லை.
அன்று விடியற்காலையிலும் லாரிகள் வந்தன.
அவளுக்கு அவற்றின் எண்கள் எல்லாம் மனப்பாடம்.

நோன்பு நாட்களில் பானை மதியத்துக்குள் காலி.
எல்லோரும் தலையாட்டினார்கள்,
எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.
திறந்த கதவைத் தட்டுவதில்
கைக்கு என்ன வலி?

அதனால் ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் போனேன்.
கல்லறைகளில் சிவப்பு முட்டை உருட்டிவிட்டு
ஊர் திரும்பியிருந்தது.
ட்சோட்னேயின் கொக்கிகளில் ஆட்டுக்குட்டிகள்,
தெரு வரைக்கும் வரிசை.
என் அட்டையில்: இன்றும் சமர்க்வோ.

"பண்டிகை முடிந்தது, மகளே."
"காலண்டர் வாங்கித் தரட்டுமா?"
ஒருவர் ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு லமாரா.
"மூன்று நாளாகக் கறி. வயிறு கல்லாகக் கிடக்கிறது."
இரண்டு கிண்ணம், பேசாமல்.
வாயைத் துடைத்தபின் அட்டையைப் பார்த்தாள்.
"இதை நோன்பு என்று சொல்லாதே, தப்பு.
நோன்பு என்றால் ஒருநாள் முடியும்.
வேறு பெயர் வை."

அடித்தேன்.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்,
இருட்டும் வரை.

அடுத்த செவ்வாயும் போகிறேன்,
பானையில் அவரை,
அட்டையில் ஒன்றும் இல்லை.